நெல்மணியின் பருமன் பூப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது: தண்டைப் பிளந்து பார்த்து வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கதிர் வெளியே தலைகாட்டிய பிறகு கழனிக்கு ஓடிப்போய் உரம் போடுகிறவர்களை ஒவ்வொரு நவரையிலும், அதாவது மார்கழி, தையில் தொடங்கும் நெல் பட்டத்திலும், பார்க்கிறேன். மணி பருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. மணி நிறையும், ஆனால் பருக்காது. நெல்லுக்குள் இருக்கும் அரிசி, உமி விட்ட இடத்துக்குள்தான் வளர முடியும். அந்த உமியோ கதிர் வெளிவருவதற்குச் சில நாள் முன்பே, தண்டின் இருட்டுக்குள் தன் முழு அளவை எட்டிவிடுகிறது.

ஆகவே இந்த வழிகாட்டியில் முக்கால் பங்கு, கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று நான்கு வாரத்தைப் பற்றியது. கணக்கெல்லாம் வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கத்துக் கிணற்றுப் பாசனக் கழனிகளை வைத்துச் சொல்கிறேன். டெல்டாக்காரர்கள் தண்ணீர்ப் பகுதியைத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

புது பிளேடு ஒன்று. பழைய பிளேடு தண்டை நசுக்கும், உள்ளே இருப்பதும் கூழாகிவிடும். ஒரு குண்டூசி, பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், 15 சென்டிமீட்டர் ஸ்கேல், உள்ளங்கை அளவு கறுப்புத் துணி. இளங்கதிர் வெள்ளையாக இருக்கும், வெள்ளைக் காகிதத்தில் வைத்தால் தொலைந்துபோகும். கறுப்புத் துணி அதற்குத்தான்.

இவற்றைவிட முக்கியம், விதைத்த தேதி. நட்ட தேதி எல்லோருக்கும் நினைவிருக்கும், அன்றைக்குக் கூலி கொடுத்திருப்போம். நாற்றங்காலில் விதை விட்ட தேதியைக் கேட்டால் "பொங்கலுக்கு முன்னாடி" என்பார்கள். அது உதவாது. நோட்டில் எழுதி வையுங்கள்.

ரகத்தின் மொத்த வயதும் தெரிய வேண்டும். ஏ.டி.டி. 37 சுமார் 105 நாள், ஏ.டி.டி. 43 சுமார் 110 நாள், பி.பி.டி. 5204 என்றால் 145 முதல் 150 நாள்.

ரகத்துக்கு ரகம் மணியின் அளவு பிறவியிலேயே வேறு என்பதையும் மறக்கக் கூடாது. ஏ.எஸ்.டி. 16 ஆயிரம் மணி 24 கிராம் நெருங்கும், பி.பி.டி. 5204 ஆயிரம் மணி 15 கிராம் அளவில்தான் நிற்கும். சன்ன ரகத்தை எந்த உரமும் குண்டு ரகமாக்காது. நாம் செய்வதெல்லாம், ரகம் தரக்கூடிய அளவிலிருந்து குறையாமல் பார்த்துக்கொள்வதுதான்.

2. நாள் கணக்கு போடுவது

நெல்லின் கடைசி 65 நாள் எல்லா ரகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து வெளிவர 35 நாள், வெளிவந்ததிலிருந்து அறுக்க 30 நாள். ரகங்களின் வயது மாறுவது அதற்கு முந்தைய தூர் கட்டும் பருவத்தில், அதாவது பக்கத் தண்டுகள் வெடிக்கும் காலத்தில். ஆகவே மொத்த வயதில் 65-ஐக் கழியுங்கள். வருகிற எண், விதைத்த நாளிலிருந்து எத்தனையாவது நாளில் தண்டுக்குள் வேலை தொடங்குகிறது என்று சொல்லும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஏ.டி.டி. 43, டிசம்பர் 20-ல் நாற்று விட்டது. 110-ல் 65 போனால் 45. அதாவது பிப்ரவரி 3. கதிர் வெளிவருவது 80-ஆம் நாள், மார்ச் 10 வாக்கில். 25 நாள் நாற்றாக நட்டால் நடவு ஜனவரி 14-ல் வந்து விழும். பொங்கலும் மாட்டுப் பொங்கலும் முடியாமல் நடவுக்கு ஆள் வராது, அதனால் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். 45 நாளை நடவிலிருந்து எண்ணுவார்கள். அப்படி எண்ணினால் பிப்ரவரி 28 வரும். கதிர் வெளிவர அப்போது பத்து நாள்தான் மிச்சம். உமி ஏறக்குறைய வளர்ந்து முடிந்திருக்கும். போட்ட யூரியா இலையைக் கறுக்க வைக்கும், குலை நோய்க்கு விருந்து வைக்கும், மணிக்குப் போய்ச் சேராது.

இந்தக் கணக்கும் உத்தேசம்தான். மார்கழி, தை மாத இரவுக் குளிரில் பயிர் மெதுவாகப் போகும், நாலைந்து நாள் பிந்தலாம். பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பழைய சம்பா ரகங்களில் நாள் கணக்கே செல்லாது. அதனால்தான் கணக்கோடு நிற்காமல் தண்டைப் பிளக்கச் சொல்கிறேன். எப்போது பிளேடை எடுப்பது என்று சொல்வது மட்டுமே நாள் கணக்கின் வேலை.

3. தண்டைப் பிளந்து இளங்கதிரைப் பார்ப்பது

கணக்கில் வந்த நாளன்றே தொடங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தொடங்கிய அன்றே கண்ணுக்குத் தெரியாது. உள்ளே வேலை ஆரம்பித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் லென்ஸில் பிடிபடும்.

வரப்போர வரிசையை விட்டுவிட்டு, கழனிக்குள் நாலடி இறங்கி, பத்துக் குத்திலிருந்து பத்துத் தண்டு எடுங்கள். ஒவ்வொரு குத்திலும் தாய்த்தண்டு, அதாவது உயரமும் பருமனும் உள்ள நடுத்தண்டு. பக்கத்தில் வெடித்த தூர்த்தண்டு ஒரு வாரம் பின்தங்கி இருக்கும்; அதை எடுத்தால் "இன்னும் வரவில்லை" என்று ஏமாந்துபோவீர்கள். வேரோடு பிடுங்குங்கள். மேலே அறுத்தால் பார்க்க வேண்டிய பகுதி கழனியிலேயே நின்றுவிடும், ஏனென்றால் இந்த நேரத்தில் கதிர் மண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது.

வேரை நறுக்கிவிட்டு, வெளி இலைகளை ஒவ்வொன்றாக உரியுங்கள். தண்டு பென்சில் பருமன் ஆனதும் அடியிலிருந்து மேல்நோக்கி நெடுக்காகப் பிளந்து, கறுப்புத் துணியில் இரண்டு பாதியையும் விரியுங்கள். அடியில் கணுக்கள் நெருக்கமாகப் பச்சைக் கோடுகளாகத் தெரியும். கடைசிக் கணுவுக்கு நேர் மேலே பாருங்கள்.

அங்கே மழமழவென்று வெளிர்மஞ்சள் கூம்பு மட்டும் இருந்தால் அது இலைக்குருத்து, இன்னும் நேரமாகவில்லை. குண்டூசி முனை அளவில் வெள்ளையாக, அதன் மேல் பஞ்சு ஒட்டியது போல நுண்மயிர் தெரிந்தால் அதுதான் கதிர். லென்ஸை வைத்துத் தண்டை வெயிலில் லேசாகச் சாய்த்தால் அந்த மயிர் பளிச்சென்று மின்னும். ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த முறை லென்ஸே வேண்டாம்.

பத்தில் பாதிக்கு மேல் அந்தப் பஞ்சு தெரிந்த நாளைத்தான் நான் "கதிர் பிடித்த நாள்" என்று நோட்டில் எழுதுவேன். முதன்முதலில் இதைச் செய்தபோது பக்கத்துக் கழனிப் பெரியவர் வரப்பில் நின்று, "இன்னாபா, கதிரே வர்ல, தண்ட அறுத்து இன்னா பாக்குற?" என்றார். கையில் வைத்துக் காட்டினேன். அடுத்த பட்டத்தில் அவர்தான் முதலில் பிளேடு வாங்கி வந்தார்.

4. இளங்கதிரின் நீளத்தைக் கொண்டு மிச்ச நாளை அறிவது

ஒரு மில்லிமீட்டர் இருந்தால் கதிர் வெளிவர ஏறக்குறைய 25 நாள் இருக்கிறது. கிளைகள் பிரிந்து, பூக்களின் மொட்டுகள் உருவாகிற நேரம் இது. எத்தனை பூ என்பது இங்கே தீர்மானமாகிறது.

ஒன்றரை முதல் ஐந்து சென்டிமீட்டர் என்றால் 16 முதல் 18 நாள். பூ ஒவ்வொன்றுக்கும் உமியின் இரண்டு ஓடுகளும் உருவாகிவிட்டன. இனி அந்த ஓடுகளில் செல்கள் பெருகி நீளமும் அகலமும் எடுக்கும். மணியின் பருமன் என்று நாம் சொல்வதன் அடிப்படை இந்த நாட்கள்தான்.

ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டி நீண்டுவிட்டால் 12 நாள் வாக்கில். மகரந்தம் உருவாகும் பருவம், பயிரின் மிக நொய்ந்த நேரம். இதைத் தண்டைப் பிளக்காமலும் அறியலாம்: கண்ணாடி இலை, அதாவது கதிருக்கு முன் வரும் கடைசி இலை, தண்டோடு சேரும் கழுத்தும், அதற்குக் கீழ் இலையின் கழுத்தும் ஒரே மட்டத்துக்கு வரும்போது இந்தப் பருவம் உச்சத்தில் இருக்கும்.

கதிர் முழு நீளம் எடுத்து, தொண்டை பருத்துப் பொதி கட்டிவிட்டால் ஒரு வாரத்துக்கும் குறைவு. உமியின் அளவு முடிந்த கதை.

5. உரம்: எப்போது, ஏன் அப்போது

கதிர் பிடித்த நாளிலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் இரண்டாம் மேலுரம். யூரியா கரைந்து, வேர் இழுத்து, தண்டுக்குள் போய்ச் சேர நாலைந்து நாள் ஆகும். அதற்குள் மொட்டுகள் உமி கட்டும் நேரத்துக்கு வந்திருக்கும். சத்தும் பசியும் ஒரே நாளில் சந்திக்கும்.

அளவுக்கு மண் பரிசோதனை அட்டையைப் பாருங்கள். தழைச்சத்தை (நைட்ரஜனை) நான்கு பங்காகப் பிரித்து அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று போடுவது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. உங்கள் அட்டை ஏக்கருக்கு மொத்தம் 48 கிலோ தழைச்சத்து என்று சொன்னால் ஒரு பங்கு 12 கிலோ, யூரியாவாக 26 கிலோ. இதோடு பொட்டாஷ் பங்கையும் சேருங்கள். அட்டை இல்லையென்றால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

இலை ஏற்கெனவே கரும்பச்சையாக இருந்தால்? இலையின் பச்சையை ஒப்பிட எண் போட்ட நிறப்பட்டைகள் உள்ள இலை வண்ண அட்டையை நிழலில் வைத்துப் பாருங்கள். நிறம் தேவையான எண்ணுக்கு மேல் இருந்தால் யூரியாவைக் குறைக்க வேண்டும். பங்கு பாக்கி இருக்கிறதே என்று கொட்டக் கூடாது.

இங்கே இரண்டு பக்கமும் பிசகலாம். முந்தினால், அதாவது இளங்கதிர் தெரியும் முன்பே போட்டால், அந்தச் சத்தை அடிக்கணுக்களின் இடைவெளி தின்றுவிடும். தண்டு உயர்ந்து, மணி ஏறியதும் பயிர் சாயும். பிந்தினால் என்ன ஆகும் என்பதை முன்பே சொன்னேன்.

இலைவழித் தெளிப்பும் இதே நேரத்தில்: 1 சதம் யூரியா, 2 சதம் டி.ஏ.பி., 1 சதம் பொட்டாஷ். பத்து லிட்டர் டேங்குக்கு முறையே 100, 200, 100 கிராம். கதிர் பிடித்தவுடன் ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை. டி.ஏ.பி.யை முந்தின இரவே ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி எடுங்கள். காலையில் கலக்கி அப்படியே ஊற்றினால் நாசில் அடைக்கும், அரைநாள் போகும். கழனியில் ஈரம் இல்லாதபோது இந்தத் தெளிப்பைச் செய்ய வேண்டாம்.

6. தண்ணீர்: இங்கேதான் நான் தோற்றேன்

காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டுக் கிணற்று நீரை மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம். ஆனால் அது தூர் கட்டும் பருவத்தோடு நிற்க வேண்டும். இளங்கதிர் தெரிந்த நாள் முதல் பூத்து முடியும் வரை கழனியில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கட்டும். மண்ணில் மயிரிழை வெடிப்புகூட விழக் கூடாது.

காரணம் எளிது. செல் பெருத்தால்தான் உமி நீளும், செல் பெருக்க உள்ளிருந்து நீர் அழுத்தம் வேண்டும். பயிருக்குத் தாகமெடுத்தால் இலை வாடுவதற்கு முன்பே அந்த வளர்ச்சி நின்றுவிடும். பிறகு தண்ணீர் விட்டால் இலை நிமிரும். குட்டையாகிப்போன உமி குட்டைதான்.

ஒரு நவரையில், இளங்கதிர் விரல் நீளம் இருக்கும்போது எங்கள் பக்கம் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. ஒன்பது நாள் மோட்டார் ஓடவில்லை. பாலாற்றுக் கரை என்று பெயர்தானே தவிர ஆற்றில் மணல்தான். மோட்டார் இல்லையென்றால் வேறு வழி கிடையாது. கரண்டு வந்து தண்ணீர் பாய்ந்ததும் பயிர் இரண்டே நாளில் பச்சைப் பசேலென்று நின்றது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

கதிர் வந்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு கதிரின் அடிக்கிளைகளிலும் வெள்ளை வெள்ளையாக, உதிர்ந்த பொரி போல, உமியாகக்கூட ஆகாமல் கருகிய மொட்டுகள். விரலால் தடவினால் தூசியாக உதிர்ந்தன. மேல்கிளை மணிகள் நிறைந்துதான் இருந்தன, ஆனால் முந்தைய பட்டத்து விதைநெல்லோடு பக்கத்தில் வைத்தால் குட்டை. களத்துக்கு வந்த வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "ரகம் மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து நான் விதைப்பு நாளைப் பின்னோக்கிக் கணக்கிடுகிறேன். கிணறு எந்த வாரம் வரை தாங்கும் என்று பார்த்து, கதிர் பிடிப்பதிலிருந்து பூப்பது வரையான ஐந்து வாரம் அதற்குள் வருமாறு நாற்று விடுகிறேன். கிணறு தாங்காது என்று தெரிந்தால் பரப்பைக் குறைக்கிறேன். ஒரு ஏக்கரை அரைகுறையாக நனைப்பதைவிட அரை ஏக்கரை நிறைய நனைப்பது லாபம்.

நிழலும் இதே காலத்தில்தான் கடிக்கும். வரப்பில் நிற்கும் தென்னை, வேம்பின் நிழல் விழும் இடத்து மணிகளைத் தனியே எடுத்துப் பாருங்கள். மரத்தை வெட்டச் சொல்லவில்லை. விதைக்காக எடுப்பதை அங்கிருந்து எடுக்காதீர்கள்.

7. பூக்கும் வாரம்

இனி பருமன் நம் கையில் இல்லை, நிரப்புவதுதான் வேலை. கதிரின் நுனியிலிருந்து அடிக்கு, ஏறக்குறைய ஒரு வாரத்தில் பூத்து முடியும். காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை உமி வாய் திறந்திருக்கும். அந்த நேரத்தில் எதையும் தெளிக்காதீர்கள். மாலை நான்குக்கு மேல் தெளியுங்கள்.

பூத்திருக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாகக் கொட்டாமல் பதர் விழும். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி நடுவில் நாற்று விட்டால் பூப்பு ஏப்ரலில் மாட்டும். நவரைக்கு டிசம்பரை விடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகவும்தான்.

பூத்த ஐந்தாறு நாளில் ஒரு மணியைப் பறித்துச் சூரியனுக்கு எதிரே பிடியுங்கள். உமிக்குள் பச்சை நிழலாக அரிசி மேலேறிக்கொண்டிருப்பது தெரியும். ஒரு வாரத்தில் உமியின் நுனியைத் தொட்டுவிடும். அதன் பிறகு அகலம், கடைசியாகக் கனம். உமியின் கூரையில் தலை இடித்ததும் அரிசி நீள்வதை நிறுத்துவதை இப்படிக் கண்ணாலேயே பார்க்கலாம்.

8. கோதுமையில் படித்ததை இங்கே ஒட்டாதீர்கள்

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. பூவின் ஆரம்ப வளர்ச்சி மணியின் அளவைத் தீர்மானிக்கிறது என்பது கோதுமைக்கும் பொருந்தும். ஆனால் வழி வேறு. கோதுமையில் உமி மணியை நெல்லைப் போல இறுக்கிப் பூட்டுவதில்லை, அடித்தால் உதிர்ந்துவிடும். அங்கே பூ மலரும் நாளில் சூலகம், அதாவது பூவுக்குள் மணியாக மாறப்போகும் பகுதி, எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, அதைப் பொறுத்து மணி அமைகிறது. சூலகச் சுவர்தான் பின்னால் மணியின் தோலாகிறது; அதுவே அச்சு. பொதி கட்டுவதிலிருந்து பூக்கும் வரை வெப்பம் மிகுந்தால் சூலகம் சிறுத்து, மணியும் சிறுக்கிறது.

எனவே கோதுமைக்குச் சூலகத்தை எடை போட வேண்டும், நெல்லுக்கு உமியை அளக்க வேண்டும். மரபணுவிலும் இந்த உறவு தெரிகிறது: 2007-ல் நெல்லில் கண்டறியப்பட்ட ஜி.டபிள்யூ.2 என்ற மரபணு செயலிழந்தால் உமியில் செல்கள் கூடி உமி அகலமாகிறது, மணியும் கூடவே அகலமாகிறது. அதன் இணை மரபணு கோதுமையிலும் இருக்கிறது.

9. அறுப்புக்குப் பின்: தவறு எந்த வாரத்தில் நடந்தது என்று கண்டுபிடிப்பது

பெரும்பாலோர் இந்தப் படியைச் செய்வதே இல்லை. செய்தால் அடுத்த பட்டத்துக்கு என்ன மாற்றுவது என்று தெரிந்துவிடும்.

கழனியின் ஐந்து இடத்தில் நான்கு கதிர் வீதம் எடுத்து நிழலில் நன்றாகக் காயவையுங்கள். முழுக்கதிரையும் உருவுங்கள். நுனி மணிகள் எப்போதும் கனம், அடி மணிகள் எப்போதும் நலிவு; நுனியை மட்டும் எடுத்தால் சந்தோஷமான பொய் கிடைக்கும்.

உருவியதைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்குங்கள். பதரையும் சேர்த்து எடை போட்டுவிட்டு "மணி சிறுத்துவிட்டது" என்று சொல்வது அடிக்கடி நடக்கும் தவறு. மூழ்கியதைத் திரும்பக் காயவைத்து ஆயிரம் மணி எண்ணி நகைக்கடைத் தராசில் நிறுங்கள். வீட்டுச் சமையல் தராசு இந்த அளவுக்கு நம்பத் தகுந்ததல்ல. பிறகு பத்து மணியை ஸ்கேல் ஓரமாக நெடுக்கே வரிசையாக வைத்து மொத்த நீளம், பக்கவாட்டில் அடுக்கி மொத்த அகலம். போன பட்டத்து விதைநெல்லில், அதே ரகத்தில், இதையே செய்யுங்கள்.

இனி பத்து மணியின் உமியைக் கையால் உரித்து உள்ளே பாருங்கள்.

உமி போன பட்டத்தைவிடச் சிறியது, அரிசி உமியை நிறைத்துக்கொண்டு நிற்கிறது என்றால் பிழை கதிர் வெளிவருவதற்கு முன்னால். தண்ணீரா, மேலுரத் தேதியா, நிழலா என்று நோட்டைப் புரட்டுங்கள்.

உமி வழக்கமான அளவு, உள்ளே அரிசி ஒல்லியாக, அசைத்தால் ஆடுகிறது என்றால் பிழை பூத்த பிறகு. கருக்காய் என்பது இதுதான். தண்ணீரைச் சீக்கிரம் நிறுத்தியிருப்பீர்கள், அல்லது கண்ணாடி இலை நோயில் காய்ந்திருக்கும்.

உமி சரியாக இருந்து உள்ளே ஒன்றுமே இல்லையென்றால் கருவே கூடவில்லை: பூக்கும் வார வெயில், காலைத் தெளிப்பு, அல்லது 12 நாள் முன்பு கழுத்துகள் ஒரே மட்டத்தில் நின்றபோது வந்த வறட்சி.

உமியும் சரி, அரிசியும் சரி, ஆனால் கதிரின் அடிக்கிளைகள் மொட்டையாக, வெள்ளைத் தழும்போடு இருந்தால் அது என் டிரான்ஸ்பார்மர் கதையின் ஒரு பாதி. மொட்டு நிலையிலேயே இழந்த மணிகள் அவை, தூற்றும்போது பதராகக்கூட வராது. அதனால்தான் மூட்டை குறைந்ததற்குக் காரணம் புரியாமல் பலர் விதைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

எந்த வகை என்று தெரிந்ததும் அதை நோட்டில், இந்தப் பட்டத்தின் "கதிர் பிடித்த நாள்" எழுதிய அதே பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த நாற்று விடும்போது முதலில் திறக்க வேண்டிய பக்கம் அது.